தொட்டிக்குள் புழுவா, மண்ணில் கோளாறா? வீட்டுச் செடிகளுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

தொட்டி மண்ணில் புழுவைப் பார்த்துப் பதறி, யாரோ சொன்னார்களே என்று உப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு வயதுக் கறிவேப்பிலைச் செடி ஒன்றை நானே கொன்றிருக்கிறேன். அது மண்புழு. செடிக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் தன் பாட்டுக்கு இருந்தது.

அதற்கப்புறம் தொட்டியில் எந்த ஜந்துவைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இது செத்ததைத் தின்கிறதா, உயிரோடு இருப்பதைத் தின்கிறதா? மட்கும் இலை, சாணம், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைத் தின்னும் கூட்டம் மண்ணுக்குள்ளேயே குடியிருக்கும். அது கூட்டமாகக் கண்ணில் பட்டால் மண் தேவைக்கு மேல் ஈரமாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து வேண்டாம், மண்ணையும் தண்ணீரையும் திருத்தினால் அடங்கிவிடும். பச்சை வேரையும் தளிரையும் தின்பவை வேறு கூட்டம். கை வைக்க வேண்டியது அங்கேதான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் தெரிவது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் மூன்று காரியம் செய்துவிட்டுப் போங்கள்.

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே சதசதவென்று இருக்கலாம், மேலே நனைந்து உள்ளே தூசியாகவும் இருக்கலாம். அடுத்து இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கினால் பேன்கூடத் தெரியும். மூன்றாவதாக, தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் தண்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு தொட்டியைத் தலைகீழாக்கி விளிம்பைத் தட்டினால் மண் அப்படியே கட்டியாக வரும். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நலம். பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவி நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். பெரும்பாலோர் இந்த மூன்றாவது சோதனைக்குப் பயந்துகொண்டு ஆறு மாதம் இலைக்கு வைத்தியம் பார்ப்பார்கள்.

தொட்டியைத் தொட்டால் குட்டி ஈ கிளம்புகிறது

கொசுவைவிடச் சின்னது, கறுப்பு, சோம்பேறித்தனமாகப் பறக்கும், டம்ளர் காபியில் வந்து விழும். இதுதான் ஃபங்கஸ் நேட். ஈ நம்மையும் கடிக்காது, செடியையும் கடிக்காது. மண்ணின் மேல் 2–3 சென்டிமீட்டர் ஈரத்தில் அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு, கண்ணாடி மாதிரி உடம்பும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது தின்பது பூஞ்சையும் மட்கும் பொருளும். கூட்டம் மிகுந்தால் இளம் வேர்முடிகளையும் கடிக்கும். நாற்றுக்கும் புதிதாக வேர்விடும் பதியன் குச்சிக்கும் அது ஆபத்து, வளர்ந்த மணி பிளான்ட்டுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது.

சந்தேகமிருந்தால் ஓர் உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வைத்தியம் தண்ணீரை நிறுத்துவதுதான். மேல் மண் இரண்டு விரல்கணு ஆழம் காயும்வரை ஊற்றாதீர்கள். அப்புறம் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் அரை மணி நேரம் உட்கார வைத்து, அடியிலிருந்து உறிஞ்ச விட்டு எடுத்துவிடுங்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் காய்ந்த ஆற்றுமணல் பரப்பலாம். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று குத்தி வைத்தால் பெரிய ஈக்கள் அதில் மாட்டும். ஆனால் புழு மண்ணில் இருக்கும்வரை அட்டை மட்டும் உதவாது. முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நான்கு வாரச் சுற்று என்பதால் ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டால் முதலிலிருந்துதான். அப்படியும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. கொசுப்புழுவுக்குப் பயன்படுத்துகிற அதே பேசில்லஸ் வகைதான். தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்ற வேண்டும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றுவது, சர்க்கரை போட்ட டீத்தூளைக் கழுவாமல் கொட்டுவது, வாழைப்பழத் தோலை அப்படியே மண்ணில் புதைப்பது எல்லாமே இந்த ஈக்குப் பந்தி பரிமாறுவதுதான். சமையலறைக் கழிவுக்குத் தனி மட்குத் தொட்டி வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் செடியின் வேர் அதற்கான இடமில்லை.

மண்ணில் புழு நெளிகிறது

எல்லாரும் பயப்படும் இடம் இது. எந்தப் புழு என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

செம்பழுப்பு, உடம்பு முழுக்க வளையம், தொட்டால் பிசுபிசுப்பு: மண்புழு. மண்புழு உரத்தோடு கடுகளவு முட்டைக்கூடுகள் வந்து உங்கள் தொட்டியில் பொரிந்திருக்கும். உரக் குழிகளில் வளர்ப்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்புழுவான யூட்ரிலஸ் யூஜினியே, அல்லது ஐசீனியா ஃபெடிடா. இரண்டும் மேலாக இருந்து மட்கைத் தின்பவை. ஆழமாகத் துளைக்கும் நம்மூர் லாம்பிட்டோ மௌரிடி வேறு. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். மண்புழுவுக்குப் பல்லும் கிடையாது, பச்சை வேர்மேல் ஆசையும் கிடையாது. பெரிய வளர்ப்புப் பையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆறு அங்குலத் தொட்டியில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. இருக்கிற மட்கையெல்லாம் தின்று பொடி எச்சமாக்கிவிடும், மண் இறுகி வடிகால் அடைத்துக்கொள்ளும். அப்போது எடுத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மண்புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறி வெளியே வந்து தட்டில் செத்துக் கிடந்தால், அதைப் புழுப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டாம். மண்ணுக்குள் தண்ணீர் நின்று காற்றில்லாமல் போய்விட்டது. புழுவுக்கு மூச்சு முட்டும் இடத்தில் வேருக்கும் மூச்சு முட்டும். ஐப்பசி மழையில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வெள்ளையாக, பருமனாக, அரைவட்டமாகச் சுருண்டு, பழுப்புத் தலையும் ஆறு காலும் உள்ளது: வண்டின் புழு. சரியாக மட்காத சாணத்தோடு வரும். இதில் இரண்டு சாதி உண்டு, தரையில் விட்டால் தெரிந்துவிடும். காலை மேலே தூக்கிக்கொண்டு முதுகால் ஊர்ந்தால் அது பூவண்டுப் புழு, மட்கு தின்னி. கட்டைவிரல் பருமன் இருந்தால் அநேகமாகத் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு. வண்டு தென்னங்குருத்தைத் துளைக்குமே தவிர, புழுப் பருவத்தில் எருக்குழியில் மட்கைத்தான் தின்னும். முதுகால் ஊராமல், ஒருக்களித்துச் சுருண்டு கிடக்கும் சிறிய வகை, கூடவே செடியும் வாடுகிறது என்றால் வேர்ப்புழுவாக இருக்கலாம். அது உயிருள்ள வேரைக் கடிப்பது.

தொட்டியைப் பொறுத்தவரை நான் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். வேர் தின்னாவிட்டாலும் அந்தப் பருமனில் ஒன்று உள்ளே புரண்டால் சின்னத் தொட்டியின் வேரெல்லாம் அறுந்துபோகும். மண்ணைச் சாக்கில் கொட்டிப் பொறுக்கி, காக்கைக்கோ மைனாவுக்கோ போட்டுவிடலாம். மாடி நிறையப் பைகள் வைத்திருப்பவர்கள் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை மட்கிய எருவில் கலந்து இடலாம், அது இந்தப் புழுக்களின் உடம்பில் முளைத்து அவற்றைக் கொல்லும். 1879-லேயே இந்தப் பூஞ்சாணத்தைக் கோதுமை வண்டுப் புழுவில் கண்டு சொன்னவர் மெச்னிகோவ், பிற்காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கிய அதே ஆள்.

மெல்லிசாக, கறுப்பாக, பளபளவென்று, வளையமே இல்லாமல் வேகமாக ஓடுகிறது: நசுக்காதீர்கள், அது புழுவே இல்லை. குருட்டுப் பாம்பு. ஒரு சாண் நீளம்கூட இராது. உற்றுப் பார்த்தால் செதில் தெரியும், நாக்கை நீட்டும், உடம்பில் கோழை இருக்காது. விஷமில்லை. எறும்பு, கறையான் இவற்றின் முட்டையையும் புழுவையும் தின்று பிழைக்கிறது. இதில் ஆணே கிடையாது, பெண் தனியாகவே இனம் பெருக்கும். அதனால்தான் செடித்தொட்டி மண்ணில் ஒளிந்துகொண்டே கண்டம் விட்டுக் கண்டம் பரவிவிட்டது, வெளிநாட்டில் பூந்தொட்டிப் பாம்பு என்றே அழைக்கிறார்கள். காதுக்குள் போய்விடும் என்பதெல்லாம் கதை. முறத்தில் ஏந்தி மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

தட்டையாக, பட்டு நாடா மாதிரி, முதுகில் கருங்கோடு, தலை மட்டும் மண்வெட்டி போல விரிந்திருக்கிறது: மழைக்காலத்தில் அபூர்வமாக வரும் தட்டைப்புழு. 1878-இல் லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் பார்த்து விவரித்ததால் பைபேலியம் கியூவென்ஸ் என்று பெயர், பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. இது மண்புழுவைப் பிடித்துத் தின்னும். வெட்டினால் துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரும், உடம்பில் நஞ்சும் உண்டு. வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து உப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டு மூடுங்கள். உப்புக்குத் தொட்டியருகே நான் வேலை தருவது இப்படி டப்பாவுக்கோ வாளிக்கோ உள்ளேதான், மண்ணில் இல்லை.

தண்ணீர் ஊற்றும்போது வெள்ளைப் பொடி துள்ளுவது போல் தெரிந்தால் அது வால்துள்ளிப் பூச்சி. மரவட்டையும் அதைப்போலவே மட்கு தின்னி. விட்டுவிடலாம். பூரான் மற்றப் பூச்சிகளை வேட்டையாடும், ஆனால் கடிக்கும், ஆகையால் கையுறை போட்டுக்கொண்டு மண் கிளறுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் நிற்கிறது, அல்லது நிற்காமல் ஓடிவிடுகிறது

நிற்கிறது என்றால் களிமண் அதிகம், அல்லது அடித்துளை அடைத்திருக்கிறது. கம்பியால் குத்திப் பாருங்கள். வடிகாலுக்காக அடியில் ஒரு சாண் உயரம் ஜல்லி போடும் வழக்கம் இருக்கிறதே, அது உதவாது. கொடியில் காயப்போட்ட ஈர வேட்டியைக் கவனித்திருப்பீர்கள், மேலே காய்ந்தாலும் கீழ் ஓரத்தில் ஈரம் தேங்கியே நிற்கும். மண்ணும் அப்படித்தான். மண் முடியும் விளிம்பில் ஈரம் தேங்கும், ஜல்லி போட்டால் அந்த விளிம்பு இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். துளையை மண் அடைக்காமலிருக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

ஓடிவிடுகிறது என்றால் கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) காய்ந்து சுருங்கிவிட்டது. தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, அதன் வழியே தண்ணீர் வடிந்து, தட்டு நிறைந்து, நாமும் நிறைய ஊற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். நடு மண் தூசியாக இருக்கும். தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி வைத்து எடுங்கள். தொட்டிக்குள் எறும்பு புற்று வைத்திருந்தாலும் இதே வைத்தியம்தான், எறும்பு காய்ந்த மண்ணைத்தான் தேடி வரும். ஊறவைத்த தட்டைக் கவிழ்க்க மறக்காதீர்கள். ஒரு வாரம் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அது போதும்.

மண்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது

பஞ்சு மாதிரி இருந்தால் பூசணம், மட்கைத் தின்பது. சுரண்டிவிட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். மழை நாளில் பளிச்சென்ற மஞ்சள் குடைக்காளான் முளைத்தாலும் செடிக்குக் கெடுதலில்லை. சாப்பிட மட்டும் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் உடனே பிடுங்கிவிடுங்கள்.

உப்புத் தூள் மாதிரி கரடாக, மண்தொட்டியின் வெளிச்சுவரிலும் பூத்திருந்தால் அது உப்பேதான். போர்வெல் தண்ணீர் விடும் வீடுகளில் இது சர்வசாதாரணம். இலை நுனி கருகும், புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் காரம் ஏறி, இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காத நிலை அது. இதைப் பூச்சி நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கழுவாத கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி ஊறினால் 60–75 லிட்டர் வரும், அதை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகுதான் நான் கலப்பேன்.

மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்கிறது

தண்ணீர் குறைவாக இருக்கலாம். ஆனால் மண் ஈரமாக இருந்தும் தினமும் இப்படி வாடினால் செடியைக் கவிழ்த்தே ஆகவேண்டும். வேர் அழுகியிருந்தால் அழுகியதை வெட்டி, புது மண்ணில், சின்னத் தொட்டியில் நட்டு, நிழலில் வையுங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. கற்றாழை வகையில் அதிகம் வரும். மண்ணை முழுவதும் கழுவி எறிந்துவிட்டு, வேரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, தொட்டியையும் தேய்த்துக் கழுவி, மறுபடி நட வேண்டும்.

தக்காளி, கத்தரி, வெண்டையில் வேர் மணி மணியாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. நூற்புழு கண்ணுக்குத் தெரியாது, முடிச்சுதான் தெரியும். அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பயறு முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அது தழைச்சத்து சேர்க்கும் நண்பன். நூற்புழு முடிச்சு வேரே பருத்தது, உதிராது. அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எரித்துவிட்டு, அந்த மண்ணில் அடுத்து செண்டுமல்லி போடுங்கள். அதன் வேரிலிருக்கும் ஒரு பொருள் நூற்புழுவைக் கொல்லும். வேப்பம் புண்ணாக்கு 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி கலந்து, இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து அப்புறம் நடலாம்.

இலை சுருளுகிறது

மிளகாயில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி வளைந்து, இலை தடித்து, காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் சிலந்திப்பேனுக்குப் பூச்சிக்கொல்லி பல வேலை செய்யாது, அது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் சிலந்திக் குடும்பம். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலும் தளிரைத் தண்ணீரால் பீச்சிக் கழுவுவதும் போதும். சிலந்திப்பேன் விடாப்பிடியாக இருந்தால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), டப்பாவில் சொன்ன அளவில். ஆனால் கத்திரி வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும், வேப்பெண்ணெய் அடித்த சில வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது. மேலேயுமில்லை கீழேயுமில்லை, எல்லாத் திசையிலும் சுருங்கிக் குட்டி இலையாகக் குவிந்து செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள்.

துளசியில் இலை சுருண்டு, வெளிறி, அடியில் கரும்புள்ளியாகத் தெளித்த மாதிரி இருந்தால் கண்ணாடி இறக்கைப் பூச்சி. கரும்புள்ளி அதன் எச்சம். தீர்த்தத்திலும் கஷாயத்திலும் போடும் செடியில் நான் எதையும் அடிப்பதில்லை. பூங்கதிரோடு சேர்த்துப் பாதி உயரத்துக்கு வெட்டி, வெட்டியதைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, பத்து நாள் பொறுத்தால் புதுத் தழை வரும்.

இலை பிசுபிசுக்கிறது, கறுப்பாகிறது, எறும்பு ஏறுகிறது

மூன்றும் ஒரே கதை. மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி, வெள்ளை ஈ இவற்றில் ஏதோ ஒன்று சாற்றை உறிஞ்சித் தேன் மாதிரிக் கழிக்கிறது. அந்தத் தேனில் கரும்பூசணம் வளர்கிறது. தேனைக் குடிக்க எறும்பு வருகிறது, வந்த எறும்பு பூச்சியைக் காவல் காக்கிறது, அடுத்த கிளைக்குத் தூக்கியும் போகிறது. ஆகையால் எறும்பை முதலில் துண்டிக்க வேண்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு செங்கல்மேல் வையுங்கள், தட்டுத் தண்ணீரை ஒரு வாரம் தேங்கவிடாமல் மாற்றிவிடுங்கள், இலை சுவரைத் தொடாமல் பாருங்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் மொட்டுக் கொத்தைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் முதல் வேலை. மணி பிளான்ட், கற்றாழை போன்றவற்றில் காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டால் மெழுகு கரைந்து பூச்சி செத்துவிடும். இலைக்காம்பு இடுக்கை விடாதீர்கள். ஒன்று மிஞ்சினாலும் ஒரு மாதத்தில் பழைய நிலைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு முடியோடு, ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக, விறுவிறுவென்று ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் கொல்லாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு, ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மாவுப்பூச்சி ஓடாது, அதுதான் அடையாளம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியபோது எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோஃபேகஸ் என்ற, கடுகைவிடச் சிறிய குளவிதான் அடக்கியது. நாம் மொட்டை மாடியில் கண்டதை அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி ஆட்கள்.

இலையடியில் விரலால் மாக்கோலம் போட்ட மாதிரி வெள்ளைச் சுருள் இருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் முதலில் தெரிந்தது, இப்போது தென்னை இருக்கும் தெருவெல்லாம் உண்டு. உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்தாலும் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து மறுபடி வரும். இலையடியைத் தண்ணீரால் வேகமாகப் பீச்சுங்கள், மஞ்சள் அட்டை தொங்கவிடுங்கள், ஒட்டுண்ணிக் குளவிக்கு இடம் கொடுங்கள்.

கரும்பூசணத்தை எடுக்கக் கஞ்சி போதும். மைதாவை நீர்க்கக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்து, வெயில் நாளில் இலைமேல் தெளித்தால் காய்ந்து, தகடாகப் பூசணத்தையும் சேர்த்துக்கொண்டு உதிரும். மூட்டமான நாளில் செய்தால் கஞ்சியிலேயே பூசணம் பிடிக்கும்.

இலையில் பொடிப் புள்ளி, நுண்ணிய வலை

பங்குனி தொடங்கி, ரோஜாவிலும் ஏ.சி. அறைச் செடிகளிலும். வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் சிவப்புப் புள்ளிகள் நடக்கும். செம்பேன். வறட்சியும் தூசியும் இதற்கு உயிர். இரண்டு நாளுக்கொரு முறை இலையடியைத் தண்ணீரால் பீச்சினாலே முக்கால்வாசி போய்விடும்.

இலையைக் கடித்திருக்கிறது

எலுமிச்சை, கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்து பின்னால் பச்சையாக மாறினால், தொட்டால் செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் அடித்தால், அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிய செடி தாங்கும். சின்னச் செடியானால் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். தக்காளி இலையில் வெள்ளைக் கோலம் இழுத்திருந்தால் இலை துளைப்பான், அந்த இலையைக் கிள்ளினால் தீர்ந்தது.

இரவோடு இரவாக இலையே காணாமல் போய், காலையில் காய்ந்த கோழைத் தடம் பளபளத்தால் நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தையை 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டவர் பென்சன் என்ற ஆங்கிலேயர், சிப்பி நத்தைகளைச் சேகரித்தவர். இன்று மழை பெய்தால் நம் சுற்றுச்சுவர் முழுக்க அதன் வாரிசுகள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம், அதனால் வெறுங்கையால் தொடாதீர்கள், கீரையை நன்றாகக் கழுவுங்கள். ஈரச் சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தோலோ இரவில் வைத்தால் விடியும்போது எல்லாம் அங்கே கூடியிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். தொட்டியைச் சுற்றி உப்புத் தூவாதீர்கள், என் கறிவேப்பிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய் கலப்பது

பாதிப் பேருக்கு வேப்பெண்ணெய் பலிக்காததற்குக் காரணம் அதைத் தண்ணீரில் நேராக ஊற்றுவது. எண்ணெய் மிதக்கும், முதலில் வெறும் தண்ணீர் அடிக்கும், கடைசியில் எண்ணெயாக விழுந்து இலையைச் சுடும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயை 1–2 மில்லி சோப்புத் திரவத்தோடு முதலில் குழைத்து, வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, அப்புறம் மீதித் தண்ணீர் சேருங்கள். வெயில் தாழ்ந்தபின், இலையடி நனைய அடியுங்கள், ஏனென்றால் அதன் சரக்கு வெயிலில் சிதைந்துவிடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வாரம் ஒரு முறை வீதம் மூன்று தடவை. புதிய செடியில் முதலில் ஓர் இலைக்கு அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

பழைய மண்ணை எறியலாமா?

வேண்டாம். வைரஸ், நூற்புழு வந்த மண்ணைத் தனியாக ஒதுக்குங்கள். மற்றதைச் சலித்து, வேர்க் குப்பையை நீக்கி, ஈரமாக்கி, கண்ணாடி போன்ற தெளிவான பாலித்தீன் பையில் மெல்லிசாகப் பரப்பிக் கட்டி, மே மாத மொட்டை மாடியில் நான்கிலிருந்து ஆறு வாரம் போடுங்கள். கறுப்புப் பை வேண்டாம், வெயில் உள்ளே புகாது. காய்ந்த மண்ணும் வேண்டாம், ஈர மண்தான் சூட்டை உள்ளே கொண்டுபோகும். நூற்புழு மண்ணையும் இப்படிப் போட்டு எடுத்துச் செண்டுமல்லிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வெந்து வந்த மண்ணில் கெட்டதோடு நல்லதும் போயிருக்கும். அதனால் அதில் இரண்டு பங்குக்கு அலசிய கோகோபீட் ஒரு பங்கு, நன்றாக மட்கி மண் வாசனை வரும் தொழுஉரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் சேர்த்து, ஈரச் சாக்கு போட்டு நிழலில் பத்து நாள் மூடி வைக்கிறேன். வீட்டுக்குள் வைக்கும் செடியென்றால் ஒரு பங்கு ஆற்றுமணலும் கூட. தொழுஉரத்தைச் சலித்த பிறகு ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். சாண நாற்றம் இன்னும் இருந்தால் இன்னொரு மாதம் மூலையில் கிடக்கட்டும், வெள்ளைப் புழு வருவது அந்த அவசரத்தில்தான்.